ஃப்ளெக்ஸில் வராத வால்வு

'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்!' அட்மிஷன் சீசனில் கல்லூரி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சால்வை, பூங்கொத்து, தாளாளரின் சிரிப்பு. சந்தோஷம்தான். ஆனால், அவர் என்ன கண்டுபிடித்தார்னு ஒரு வரி இருக்கா? தேடிப் பாருங்க, இருக்காது.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு. ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. நோயாளி யாராவது பிழைத்தாரா என்பது அந்தக் கணக்கிலேயே வராது. பி.காம். படித்தவனுக்கு இந்த வித்தை புதுசு இல்லை. டர்ன்ஓவரைக் காட்டிவிட்டு, லாபம் எவ்வளவுன்னு கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

லாபத்தைப் பார்க்கணும்னா நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போகணும். நெல்லைக்காரர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் கோளாறு என்றால் 'சித்திராவுல ஒரு தடவ காட்டிருங்க' என்று யோசனை சொல்கிற ஊர் நம்முடையது. அதே ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் 1974-ல் பொறுப்பேற்றவர் இதய அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். அப்போது செயற்கை வால்வு என்றால் இறக்குமதிதான். ஏழை தொட முடியாத விலை.

வால்வு கெடுவதோ பெரும்பாலும் ஏழைக்கு! சின்ன வயசில் தொண்டைப் புண் வரும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல். அது இதய வால்வைச் சுருக்கிவிடும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைகளின் வியாதி இது. பல பெண்களுக்கு முதல் பிரசவத்தில் மூச்சு இளைக்கும்போதுதான் விஷயமே தெரியும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

'நாமே செய்வோம்' என்று இறங்கினார் வலியத்தான். பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனைதான் ஆய்வுக்கூடம். டாக்டரோடு ஜி.எஸ்.புவனேஷ்வர் போன்ற இன்ஜினீயர்கள் உட்கார்ந்தார்கள். வேலை லேசுப்பட்டதில்லை. நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் நாளைக்கு 1 லட்சம், வருஷத்துக்குச் சுமார் 3 கோடியே 78 லட்சம் தடவை அந்தச் சின்னத் தட்டு திறந்து மூடணும். தேயக் கூடாது. ரத்தம் அதில் உறையக் கூடாது. முதல் மாடல் தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும்! நாலாவதில்தான் ஹெய்ன்ஸ் உலோகக்கலவைச் சட்டம், பாலிஎத்திலீன் தட்டு, தைத்துப் பொருத்த பாலியெஸ்டர் துணி வளையம் என்று கைகூடியது. 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அப்புறம் சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை லட்சம் வால்வுகளுக்கு மேல் பொருத்தியாகிவிட்டது.

இன்றைய அளவுகோலில் மூன்றாவது மாடல் தோற்ற வருஷம் அவர் ஃபைலில் என்ன எழுதியிருப்பார்கள்? 'முன்னேற்றம் இல்லை, நிதியை நிறுத்தலாம்.'

'பேப்பர் போடாம பதவி உயர்வு யார் சார் தருவா?' என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தப்பு அவர்கள் மேல் இல்லை. 2016-லிருந்து மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கு மார்க் உண்டு. எதற்கு மார்க்கோ அதைத்தானே மனுஷன் செய்வான்? இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் மருந்தை ஏற்றி, எலியில் சோதித்து, கட்டுரை போட்டு, அடுத்த எலிக்குப் போய்விடுவார்கள். உலகம் பூரா இதுதான் நடக்கிறது. இறால் ஓட்டுக்குத் தூத்துக்குடியில் பஞ்சமா என்ன?

செய்ய வேலையா இல்லை? ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடணும், வருஷக்கணக்கில். சதையில் தங்கி மெள்ள மெள்ளக் கரைகிற மருந்து அது. வலி உயிர் போகும். பிள்ளை அழுகிறதே என்று பாதியில் நிறுத்துகிற தாய்மார் உண்டு. நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும், வால்வு போகும். மூன்று மாசம் தாங்குகிற, வலி குறைந்த ஊசி ஒன்று வேண்டும். உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு அலைகிறார்கள். அதற்கும் ஒரு வழி வேண்டும்.

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வேதியியல், இங்கே நோயாளி. இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, பத்து வருஷம் தோற்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க அரசு தயாரா?

வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவருக்கு நம் ஊரில் யார் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்? அடுத்த தடவை பிள்ளையைச் சேர்க்கக் கல்லூரிக்குப் போகும்போது, அந்த 2 சதவீதப் போர்டுக்குக் கீழே நின்று கேளுங்க: 'சார், இவர் செஞ்சது எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?'