நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம்

விவசாயச் செயலி செய்யற கம்பெனிப் பிள்ளைங்க அப்பப்போ ஊருக்கு வர்றாங்க. மரத்தடியில உட்கார வச்சு, "இது உங்களுக்குப் பயன்படுமா ஐயா?"ன்னு கேட்கிறாங்க. தேடி வந்த பிள்ளைங்க முகத்தைப் பார்த்து இல்லைன்னா சொல்லுவோம்? நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம். அதையே ஆய்வுன்னு எழுதிக்கிட்டுப் போனா எப்படி?

நடக்கப் போறதைக் கேட்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. போன தடவை நெல்லு விலையை யார்கிட்ட விசாரிச்சீங்க, யூரியா எங்க வாங்கினீங்கன்னு. அப்புறம் போனை எங்க கையில கொடுத்துட்டுப் பேசாம பாருங்க. உச்சி வெயில்ல திரை தெரியுதா, சேத்துக் கைக்கு மசியுதாங்கிறது வரப்புலதான் தெரியும்.

ஒரு செயலி நிலத்தை ஹெக்டேர்ல கேட்டுச்சு. எங்க கணக்கு சென்ட், ஏக்கர். 80 சென்ட்காரர் 0.32ன்னு போடணுமாம்! பக்கத்து வயல்காரர் 80ன்னே போட்டார், அதுவும் வாங்கிக்கிச்சு. மனுஷன் ஒரே நொடியில கிட்டத்தட்ட 200 ஏக்கர் மிராசுதார்.

பெரிய கூட்டமும் வேண்டாம். அஞ்சு பேர் பயன்படுத்தறதைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிஞ்சிடும்னு இந்தத் துறையில பேர்போன ஜேக்கப் நீல்சன் 2000-லயே எழுதியிருக்கார், மகன் காட்டினான். அந்த அஞ்சுல களை எடுக்கிற அம்மா ஒருத்தரும் இருக்கட்டும். அவங்க போன் பேரன் கையில இருக்கும். அதையும் குறிச்சுக்கோங்க.