4கே என்பது பாக்கெட் சைஸ், எடை இல்லை!

முதல்லயே சொல்லிடறேன், இது டெக்னிக்கல் பதிவு இல்லை. நான் படிக்கிறது பி.காம். தெரிஞ்ச கணக்கு வழக்கை வச்சுத்தான் பேசப் போறேன்.

"இன்னும் எவன்டா டிஸ்க் வாங்குறான்? அதான் எல்லாம் 4கே-ல வருதே!" வகுப்புல பாதிப் பேர் வாயில இதே டயலாக்தான்.

மக்களே, 4கே என்றால் 3840 x 2160 புள்ளிகள். அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு தகவல் வந்து சேருது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. சிப்ஸ் பாக்கெட்டோட அளவை மட்டும் காட்டிட்டு, உள்ளே எத்தனை கிராம், எவ்வளவு காத்துன்னு மறைக்கிற கதை.

எடையைச் சொல்ற எண் பிட்ரேட். விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. 4கே பார்க்க 15 மெகாபிட் இணைப்பு இருந்தா போதும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. சரி, கணக்கு போடுவோம். இரண்டரை மணி நேரப் படம்னா 9000 விநாடி. 15-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தா சுமார் 17 ஜிபி. அந்த இணைப்பில் மொத்தமா வந்து சேரக்கூடியதே இவ்வளவுதான். 2016-ல் வந்த 4கே ப்ளூ-ரே டிஸ்கில் 50, 66, 100 ஜிபின்னு இடம் இருக்கு. விநாடிக்கு 128 மெகாபிட் வரைக்கும் போகும். ரெண்டு மேலயும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் என்னமோ ஒண்ணுதான்: 4கே.

"கம்ப்ரஷன் முன்னேறிடுச்சு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். உண்மைதான். ஹெச்.265 வந்தபிறகு பழைய முறையைவிடக் கிட்டத்தட்டப் பாதி பிட்டில் அதே தரம் கிடைக்குது. ஆனா 4கே டிஸ்க்கும் அதே ஹெச்.265-ஐத்தானே பயன்படுத்துது? அப்புறம் எங்கே வந்தது சலுகை?

வெளிச்சமான காட்சியில் வித்தியாசம் அவ்வளவா தெரியாது. இருட்டு, புகை, மழைன்னு வந்தா சாயம் வெளுத்துடும். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில், ராத்திரியில் நடக்கிற போர் எபிசோட் வந்தது. படம் கட்டம் கட்டமா தெரியுது, ஒண்ணுமே புரியலைன்னு உலகம் பூரா புலம்பல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் கம்ப்ரஷனையும் ஒரு காரணமாச் சொன்னார். ஒலியும் அப்படித்தான். ப்ளூ-ரேயில் எதையும் வெட்டாத ஒலி கிடைக்கும். ஸ்ட்ரீமிங்கில் டால்பி அட்மாஸ்னு பேர் போட்டு வர்றது வெட்டிச் சுருக்கினது.

டிஸ்க் என்றாலே புனிதம்னும் நான் சொல்ல வரலை. டிவிடியோட 720 x 576-ஐ விட 4கே-ல புள்ளிகள் சரியா 20 மடங்கு. அங்கே ஸ்ட்ரீமிங்தான் ஜெயிக்கும். 2010-ல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூ-ரேயில் ஃபிலிமோட மணல்துகளைத் துடைக்கிறேன்னு போய் அர்னால்டை மெழுகு பொம்மை ஆக்கினாங்க. டிஸ்கிலும் எடை குறையலாம், கெட்டும் போகலாம்.

ஆனா வாங்கின பிறகு டிஸ்க் மாறாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், மொபைல் நெட்வொர்க்கில் 480 வரிக்கு மேல் தர்றதில்லைன்னு இந்தியாவில் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கூடி முடிவெடுத்தாங்க. நியாயமான காரணம்தான். குழாய் யார் கையில் இருக்குங்கிறதும் அன்னிக்குத் தெளிவாத் தெரிஞ்சது.

இங்கேதான் நம்ம பாடம் வருது. 1930-ம் வருஷப் பொருள் விற்பனைச் சட்டம் என்ன சொல்லுது? விலைக்கு ஈடா சொத்துரிமை கைமாறணும், அதுக்குப் பேர்தான் விற்பனை. ஸ்ட்ரீமிங் கடையில் 'வாங்கு' பட்டனை அமுக்கினா கைமாறுவது வெறும் உரிமம். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கின டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப் போறோம்னு சோனி அறிவிச்சது. சத்தம் கிளம்பின பிறகுதான் பின்வாங்கினது. கலிஃபோர்னியா 2024-ல் சட்டமே போட்டது: உரிமம்னா உரிமம்னு தெளிவாச் சொல்லு, சொல்லாம 'வாங்கு'ன்னு போடாதே. நம்ம ஊரில் மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி வித்தது. 2018-ல் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவு வந்துடுச்சு. கீறல் விழாத டிஸ்க் இன்னும் ஓடும். கம்பெனியோட அனுமதி அதுக்குத் தேவையில்லை.

எல்லாரும் டிஸ்க் வாங்குங்கன்னு சொல்ற வசதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டில் நிகர எடை போடணும்னு 2011 விதிகள் சொல்லுது. மாசாமாசம் காசு வாங்கிட்டு 4கே விக்கிறவங்களும் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் சராசரி பிட்ரேட்டைப் போடட்டும். சொந்தமா, வாடகையாங்கிறதையும் அதே வரியில் போடட்டும். அதுக்கப்புறம் காத்து நிறைஞ்ச பாக்கெட்டே போதும்னு நீங்க வாங்கினா, அது உங்க இஷ்டம் :-)