கோல் போடாதவரின் கூலிக்கணக்கு

'திறமையிருந்தா கூலி தானா வரும்' என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் பெக்கி சாவர்பிரன் கதையைக் கேட்கட்டும்.

அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். நாட்டுக்காக 219 ஆட்டம். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. போடவிடாமல் மறிப்பதுதான் அவர் வேலை.

2015 உலகக் கோப்பையில் ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காராமல் ஆடினார். கோப்பை வந்தது. பரிசு 20 லட்சம் டாலர். 2014இல் கால் இறுதிக்கே போகாமல் தோற்ற ஆண்கள் அணிக்கு 90 லட்சம்! கேட்டால் 'சந்தை அப்படி' என்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுவரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும்விட அதிகம் பேர் பார்த்தது இந்தப் பெண்களின் இறுதி ஆட்டத்தைத்தான். அப்ப அது சந்தையில்லையா?

2016இல் ஊதியப் புகார் கொடுத்த ஐவரில் சாவர்பிரனும் ஒருவர். 2020இல் நீதிமன்றம் சம்பளக் கோரிக்கையைத் தள்ளியது. பெண்கள் விடவில்லை. 2022இல் சம ஊதிய ஒப்பந்தம் வந்தபோது ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் சாவர்பிரன்தான். 2024இல் ஓய்வுபெற்றார்.

தோழர்களே, கோப்பையைத் திறமை வாங்கியது. கூலியைச் சங்கம்தான் வாங்கியது.