கண் நோயின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள்!

"கிளாக்கோமா" என்கிறார் டாக்டர். பெரியவர் தலையை ஆட்டுகிறார். வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்று மகன் கேட்கிறான்.

"ஏதோ புரையாம். முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் பெரியவர்.

பல வீடுகளில் நடக்கக் கூடியதுதான் இது. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தில் கண்ணே போய்விடும்!

புரை வேறு, அழுத்தம் வேறு

கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயதானால் அது மங்குகிறது. அதுதான் கண்புரை. ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டு, செயற்கை வில்லை வைக்கலாம். 1949-ம் ஆண்டில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதன் முதலாக அப்படி வைத்தார். மற்றக் கோளாறு இல்லாவிட்டால், பார்வை திரும்பிவிடும்.

கிளாக்கோமா அப்படி அல்ல. கண்ணுக்குள் ஒரு வகை நீர் ஊறி, வடிந்துகொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. இந்த நீர் வடியும் வழி தடைப்பட்டால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு கெடும். பெரும்பாலும் வலி இராது. முதலில் ஓரப் பார்வை போகும். நேரே இருப்பது தெரிவதால், நோய் இருப்பதே தெரியாது.

போன பார்வை எந்த ஆபரேஷனாலும் திரும்பாது! மீதி இருப்பதைத்தான் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் ஆகியவற்றால் காப்பாற்றலாம்.

இதற்குத் தமிழில் "கண் அழுத்த நோய்" என்று பெயர். அதைச் சொல்லி, விவரமும் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் காத்திருப்பாரா?

பெயருக்குப் பஞ்சமா?

மாலைக்கண் என்றால், பொழுது சாய்ந்ததும் பார்வை மங்குவது என்று யாருக்கும் புரியும். வெள்ளெழுத்து, மாறுகண் எல்லாம் அப்படிப்பட்ட பெயர்களே.

ஆனால் பெயர் மட்டும் போதாது. "கிட்டப்பார்வை" என்றால் கிட்டத்தில் தெரியாது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் மாறானது. கிட்டத்தில் தெரியும், தூரத்தில்தான் தெரியாது. ஆகவே, பெயரோடு ஒரு வரி விளக்கமும் வேண்டும்.

1847-ம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். கடல் கடந்து வந்தவரால் முடிந்தது, தமிழ் டாக்டர்களால் முடியாதா?

"இங்கிலீஷ் பெயர்தான் திட்டமானது" என்று சிலர் சொல்லலாம். சரி, சீட்டில் அது இருக்கட்டும். சீட்டு மற்ற டாக்டர்களுக்கு. வாய்ச்சொல் நோயாளிக்கு!

மூன்று கேள்விகள்

கண் டாக்டரிடம் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை:

கண்ணில் எந்த இடத்தில் கோளாறு?

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

போன பார்வை திரும்புமா?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், மற்றவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?