சர்க்கரைக்கு எந்த நெல் போடலாம்?

கேள்வி: "ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் நெல். கணவருக்கு வயது 51. காலில் கருவேல முள் குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 218, சாப்பிட்ட பிறகு 342 என்று வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 'மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது. பாரம்பரிய அரிசியும் சிறுகுறிஞ்சான் பொடியும் போதும்' என்று ஊரில் சொல்கிறார்கள். அவரும் மாத்திரையை இன்னும் பிரிக்கவில்லை. இந்தச் சம்பாவில் வீட்டுச் சாப்பாட்டுக்காக 30 சென்ட்டில் சர்க்கரைக்கு ஏற்ற நெல் போட நினைக்கிறோம். எந்த ரகம் போடலாம்?"

- வாசகி, வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பதில்: சகோதரி, ரகம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறக்குறைய 160 நாள். ஆவணியில் விதை விட்டால் தை கடைசியிலோ மாசியிலோதான் அரிசி உலைக்கு வரும். உங்கள் வீட்டுக்காரர் காலில் இருக்கும் புண் அதுவரை காத்திருக்காது.

நான் மருத்துவர் இல்லை; வேளாண்மை படித்தவன். ஆனால் ஆறு வருடமாகச் சர்க்கரைக்காரன். உங்கள் கடிதத்தை எங்கள் வட்டார சுகாதார நிலைய மருத்துவரிடமும் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் முதலில் கேட்டது காலைப் பற்றித்தான்.

வெறும் வயிற்றில் 126க்கு மேல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200க்கு மேல் என்றால் அது சர்க்கரை நோய். 218, 342 என்பது எல்லையை நன்றாகவே தாண்டிய அளவு. இப்படி ஏறி நிற்கும்போது புண் ஆறாது, கிருமி சுலபமாகப் பிடிக்கும். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்பும் மரத்துப் போயிருக்கும். 'வலி இல்லை, அதனால் பரவாயில்லை' என்று அவர் சொன்னால் அதை நம்பாதீர்கள். வலிக்காத புண்தான் ஆபத்தான புண். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே அவரைத் திரும்ப அழைத்துப் போய்க் காலைக் காட்டுங்கள். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்ட வேண்டாம். ஆறும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாது. நாற்றங்கால் வேலையைக் கூலிக்கு விடுங்கள். இல்லையென்றால் அண்டை வயல்காரரோடு கைமாற்றாகச் செய்துகொள்ளுங்கள். புண் ஆறுவதற்காகச் சில காலம் இன்சுலின் போடச் சொன்னால் பயப்பட வேண்டாம். அது கடைசிக் கட்டம் என்று ஊரில் சொல்வது தவறு.

அடுத்து மாத்திரை. மாத்திரையைத் தொட்டதால் யாருக்கும் நோய் நிரந்தரமாவதில்லை. நோய் இருப்பதால் மாத்திரை. எடை குறைந்து, சாப்பாடு ஒழுங்காகிச் சர்க்கரை இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார், சிலருக்கு நிறுத்தியும் பார்ப்பார். அதை நாமாகச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் செலவும் அலைச்சலும் மிச்சம்.

சிறுகுறிஞ்சான் நல்ல மூலிகை. இலையை மென்றுவிட்டு வெல்லம் தின்றால் மண் தின்பதுபோல இருக்கும். ஆனால் இந்த அளவுச் சர்க்கரையை, அதுவும் காலில் புண்ணோடு, பொடியை நம்பி விடக் கூடாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கவும் கூடும். சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும்.

இறங்குவதைப் பற்றிச் சொன்னதும் ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன், மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் வரப்பில் சாய்ந்துவிட்டார் என்று எனக்கு அழைப்பு வந்தது. உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். பூச்சிமருந்து ஏறிவிட்டது என்று எல்லோரும் அலறினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருத்துவமனையில் சோதித்தால் சர்க்கரை 48. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'ரெண்டு டேங்க் அடித்துவிட்டு வந்து சாப்பிடலாம்' என்று போயிருக்கிறார். மாத்திரைகளில் சில வகை, சாப்பிடாவிட்டால் சர்க்கரையை இப்படி இறக்கிவிடும். அதனால் மாத்திரை வாங்கும்போதே 'சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? சாப்பாடு தவறினால் என்ன செய்வது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால், நினைவு இருக்கும்போதே கை, வாய் கழுவிச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். மருந்தடித்தபோது நடந்தது என்றால் மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எதனால் விழுந்தார் என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இனி நெல். பாரம்பரிய ரகத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் உங்கள் பகுதிக்குப் பழக்கமானவை. 30 சென்ட்டுக்கு மாப்பிள்ளைச் சம்பா போதும். உயரமாக வளர்ந்து சாயும் பயிர் என்பதால் யூரியா பக்கம் போகாதீர்கள். தொழு உரமும் பசுந்தாள் உரமும் போதும். சன்ன அரிசிதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் தெலங்கானா சோனா எனப்படும் ஆர்.என்.ஆர். 15048 போடலாம். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் அரிசி என்று பெயர் வாங்கியது, வயதும் சுமார் 125 நாள்தான். எந்த ரகமானாலும் அவித்து, தவிடு போகாமல் அரைக்க வேண்டும். பாரம்பரிய நெல்லையே வெள்ளை வெளேரென்று தீட்டிச் சாப்பிட்டால் பாதிப் பலன் ஆலைக்காரர் வீட்டு மாட்டுக்குத்தான் போகும். தவிட்டு அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் ஏமாந்த இடமும் இதுதான். சர்க்கரை என்று தெரிந்ததும் அரிசியை அறவே விட்டுவிட்டு சாமைக்கும் வரகுக்கும் மாறினேன். சிறுதானியம்தானே என்று தட்டு நிறையச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கினேன். காலையில் பெரிய செம்பில் கேழ்வரகுக் கூழ் வேறு. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்த்தால் 9.1. (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது, பெரும்பாலானவர்களுக்கு 7க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்.) தானியம் எதுவானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான். அதிலும் மாவாக்கிக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். ஊருக்கெல்லாம் யூரியாவை அளந்து போடச் சொல்கிற நான், சோற்றை அளக்கவில்லை.

இப்போது என் தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்குக்குப் பயறு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று. மிச்சக் கால் பங்குதான் சோறு. வாழைத்தண்டு, வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாம் உங்கள் கொல்லையிலேயே வரும். முதல் பத்து நாள் பசிக்கத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு பழகிவிட்டது.

டீயையும் எண்ணிப் பாருங்கள். வயல் வேலை நாளில் ஐந்து டீ சாதாரணம். ஒன்றுக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை, வாய்க்குத் தெரியாமலேயே உள்ளே போகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிப் போட்டாலும் கணக்கு மாறாது. இந்த வரிக்காக எனக்குச் சண்டைக் கடிதம் வரும், வரட்டும்.

'வயலில் உழைக்கிறவனுக்கு எதற்கு நடைப்பயிற்சி?' என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது, மோட்டாரைக் கைப்பேசியில் போடுகிறோம், வயலுக்கு வண்டியில் போகிறோம். புண் ஆறிய பிறகு, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கட்டும். செருப்பில்லாமல் வேண்டாம். தினமும் ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை விளக்கடியில் பாருங்கள். முள், கொப்புளம், சேற்றுப்புண் எது இருந்தாலும் மறுநாளே காட்டிவிட வேண்டும். வருடம் ஒரு முறை கண்ணும் சிறுநீரும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா விதை உங்கள் பகுதியிலேயே பாரம்பரிய நெல் போடும் விவசாயிகளிடம் கிடைக்கும். 30 சென்ட்டுக்கு 6 கிலோ தாராளம். விதையை நீங்கள் போய் வாங்கி வாருங்கள், அவர் அன்றைக்குக் கட்டு மாற்றப் போகட்டும். புண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.