அம்மாவிடம் கேட்டீர்களா?



சிதம்பரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் சாவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "தில்லையைத் தரிசிச்சாச்சு, கூப்பிட்டா கிளம்ப வேண்டியதுதான்" என்பார். காரியச் செலவுக்குத் தனியே பணம்கூட எடுத்து வைத்திருப்பார். அவர் மனைவியோ, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று எழுந்து போய்விடுவார்.

இதில் ஒருவர் தைரியசாலி, இன்னொருவர் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியுமா? எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர் கடைசி நாட்களுக்கும் திட்டம் போடுகிறார். சட்டென்று பதறுகிறவருக்கு அந்தப் பேச்சே பாரம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கூடாது என்றே வாழ்ந்தவர், வலிக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்.

சொல்லாமல் விட்ட விருப்பம் இறுதிச் சடங்கிலும் உறுத்தும். 1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், இறந்தவர்களை எரிக்காமல் புதைக்கச் சொன்னார். அவர் வழியில் நிற்கும் தாயின் விருப்பம் தெரியாமல் பிள்ளைகள் சிதை மூட்டிவிட்டால், அந்த வருத்தம் எந்தக் காலத்தில் தீரும்?

ஐ.சி.யூ. வாசலில் அண்ணன் "வென்டிலேட்டர் வைங்க" என்கிறார். தங்கை "அம்மாவை வதைக்காதீங்க" என்று அழுகிறார். இருவருக்கும் பாசம்தான். ஆனால் இருவரும் தங்கள் சுபாவப்படி முடிவெடுக்கிறார்கள். அம்மாவின் சுபாவம் என்ன?

அம்மாவின் விருப்பத்தை எழுதி வைக்க வழி இருக்கிறது. குணமாக வழியில்லாத நிலையில் எந்த சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் 'லிவிங் வில்'லை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். வலி குறைக்கும் சிகிச்சையை இது நிறுத்தாது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

எப்படிப் பேச்சை எடுப்பது? திட்டமிடுகிறவரிடம் நேராகவே கேட்கலாம். பதறுகிறவரிடம் சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். "உடம்பு முடியலைன்னா வீட்டுல இருக்கணுமா, ஆஸ்பத்திரியிலா? பக்கத்துல யார் இருக்கணும்?" என்று கேளுங்கள். வாய் திறக்காதவரிடம், "பெரியப்பாவைக் கடைசியில அப்படி வச்சிருந்தாங்களே, அது உனக்குச் சரியாப் பட்டுச்சாம்மா?" என்று தொடங்குங்கள். பெரியப்பாவைப் பற்றிச் சொல்லும்போதே தன் மனதையும் சொல்லிவிடுவார்.

சொல்வதைக் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் உங்களைச் சேர்த்து வைக்கப்போவது அம்மா சொன்ன அந்த வார்த்தைதான்.

அன்புடன்,
ஆசிரியர்