வசை விடையாகாது

வேலி எல்லை வழக்கென்றால் உறுதி பேச வேண்டும். நில அளவைப் படம் பேச வேண்டும். ஆனால், உரிமை கோரி நிற்பவள் பெண்ணாயின், நம் ஒழுங்கைகளில் ‘அறுதலி’, ‘மலடி’, ‘வாழாவெட்டி’ என்னும் சொற்களே அவளுக்கு விடையாக வருகின்றன. காணி எவருடையது என்ற வினா அத்துடன் புதைக்கப்படுகின்றது.

இச்சொற்களுள் ஒன்றேனும் அவள் செய்த குற்றத்தைக் கூறுகின்றதா? கணவன் இறந்ததையும், மகவு பிறவாததையும், கைவிடப்பட்டதையும் அவள் குற்றமாகவே சாட்டுகின்றன. தாரமிழந்த ஆடவனுக்கோ ஊரின் இரக்கம் கிடைக்கின்றது. ஆடவனை ஏச முற்படுவோரும் அவன் தாயையே இழுக்கின்றனர்.

அரசியல் மேடையும் இதற்கு விலக்கன்று. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவை எதிராளர் ‘அழும் விதவை’ என எள்ளினர். அவரது ஆட்சியின் மொழிக் கொள்கையை எதிர்த்து 1961இல் தமிழ் மக்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். எதிர்க்க வேண்டியது அக்கொள்கையே. அவரது கைம்மை அன்று.

1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், சொல்லால் இழைக்கும் பாலியல் தொல்லையையும் குற்றமாக்கியது. எனினும், ‘மலடி’ என்ற சொல் அவ்வலையில் எளிதில் அகப்படாது. ஆகவே, இது நாமே தீர்க்க வேண்டிய வழக்கு. சங்கக் கூட்டத்திலோ வேலியோரத்திலோ ஒரு பெண் கேள்வி எழுப்பினால், அக்கேள்விக்கே விடை கூறுவோம். வசை பாடுவோனை அங்கேயே தடுப்போம். தம்முள் பாதிப்பேரின் வாயை அடைத்துவிட்டு, உரிமை கேட்கும் மக்கள் எவரிடம் நீதி கோருவது?